ஓய்வுக்காலம் யாருடையது?

வேலையிலிருந்து விலகி வாழும் காலத்தைத் தமிழில் ஓய்வுக்காலம் என்கிறோம். ‘ஓய்’ என்னும் வினை முடிதலையும் தளர்தலையும் உணர்த்துவது. மழை ஓய்ந்தது, கை ஓய்ந்தது என்று பேசுகிறோம். மலாய்மொழியில் பணி ஓய்வு பெறுதலைப் ‘பெர்சாரா’ என்பர். அதன் அடிச்சொல்லாகிய ‘சாரா’, வாழ்க்கையை நடத்துவதற்கான பொருளாதரவைக் குறிக்கும். கிரேக்கர் ஓய்வைக் குறிக்க வழங்கிய சொல் ‘ஸ்கோலே’. பள்ளியைக் குறிக்கும் ‘ஸ்கூல்’ என்னும் ஆங்கிலச் சொல் அதன்வழி வந்ததாகும். நாம் உழைப்பதே ஓய்வைப் பெறுவதற்காகத்தான் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதினார். அவர் கருதிய ஓய்வு, மனிதன் தனக்கு உயர்ந்ததெனத் தோன்றும் செயலில் மனமாரத் திளைக்கும் நேரமாகும்.

தமிழ்ச் சொல் தளர்ச்சியை நினைவூட்டுகிறது. மலாய்ச் சொல் பிழைப்புக்கு வேண்டிய பொருளை நினைவூட்டுகிறது. கிரேக்கச் சொல் விருப்பமான செயலுக்குக் கிடைத்த நேரத்தை நினைவூட்டுகிறது. மூன்றும் உண்மையே. ஆயினும் இம்மூன்று சொற்களும் ஓய்வு பெறுகின்ற ஒருவரை மட்டுமே நோக்குகின்றன. அவரோடு முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த மற்றொருவர் இருக்கின்றார். அவருக்கும் அந்நாளைப் பற்றிய எண்ணங்கள் உண்டு. கணவர் தம் பொழுதுபோக்குக்கென மனத்துள் ஒதுக்கி வைத்த காலமும், மனைவி தம் திட்டத்திற்கென மனத்துள் ஒதுக்கி வைத்த காலமும் ஒன்றாகவே இருந்துவிட்டால், அக்காலம் யாருடையது? இதனைக் குடும்பத்துள் நிகழும் சிறு பிணக்கென்று கருதி ஒதுக்குவோர் உளர். இஃது அறத்தைப் பற்றிய வினா என்பதே என் கருத்து.

புதிதாகக் கிடைத்த காலம்

நம் பாட்டன்மார்க்கு இவ்வினா பெரிதும் எழுந்ததில்லை. இரப்பர்த் தோட்டங்களில் கணவனும் மனைவியும் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்றனர். இருவருமே பால்மரம் வெட்டினர். முதுமையால் வேலையை விட்டபோது, தோட்ட நிர்வாகத்திற்குரிய லயத்து வீட்டையும் விட்டு நீங்க வேண்டிய நிலை பலர்க்கு நேர்ந்தது. இனி எங்கே குடியிருப்பது, யாரை அண்டி வாழ்வது என்னும் கவலையே அவர்தம் முதுமையை நிரப்பிற்று. தம் விருப்பமா, துணையின் விருப்பமா என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பை வறுமை அவர்களுக்கு அளிக்கவில்லை.

இன்று நிலை வேறு. மலேசிய அரசு ஊழியரின் கட்டாய ஓய்வு வயது நெடுங்காலம் 55 ஆக இருந்தது. அது 2001இல் 56 ஆகவும், 2008இல் 58 ஆகவும், 2012இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. தனியார் துறையினர்க்கும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்னும் சட்டம் 2013 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதியோ 55 வயதிலேயே சேமிப்பை எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆகவே ஓய்வு வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே பணம் கைக்கு வந்துவிடக்கூடும். அப்பணத்தை வைத்து வீடு வாங்குவதா, மகனின் திருமணத்தை நடத்துவதா, வைப்பில் விட்டு வைப்பதா என்று அன்று செய்யும் முடிவு, பின்வரும் ஓய்வுக்காலத்தின் போக்கையும் பெரிதும் தீர்மானித்து விடுகிறது.

அறுபதில் ஓய்வு பெறுபவர் நலமுடன் இருந்தால் இன்னும் பதினைந்து ஆண்டுகளேனும் வாழ எதிர்பார்க்கலாம். ஒரு சிறுவன் முதலாம் ஆண்டில் சேர்ந்து, பல்கலைக்கழகப் பட்டம் பெற்று வெளியேறும் காலத்திற்கு அஃது ஏறத்தாழ ஒப்பாகும். தோட்டத்துப் பிள்ளைகளாகப் பிறந்து ஆசிரியராகவும் எழுத்தராகவும் உயர்ந்த தலைமுறையினரே, பல குடும்பங்களில், ஓய்வூதியத்தோடும் சொந்த வீட்டோடும் முதுமையை எதிர்கொண்ட முதல் தலைமுறையினர். இந்நெடுங்காலத்தை இருவராக எவ்வாறு வாழ்வது என்பதை அவர்கள் தம் பெற்றோரைப் பார்த்துக் கற்றிருக்க இயலாது. கற்பிக்க ஒருவரும் இல்லாத பாடத்தில் தடுமாற்றம் நேர்வது இயல்பு. ஆகையால் இதனைத் தாமே எண்ணித் தெளிய வேண்டிய பொறுப்பு இக்காலத்தார்க்கு வந்து சேர்ந்துள்ளது.

இருவர் ஈட்டிய பொருள்

“முப்பது ஆண்டுகள் உழைத்தேன்; இனி என் நேரம் எனக்கே உரியது” என்று ஓய்வு பெற்றவர் கூறுவதைக் கேட்கிறோம். இக்கூற்றில் நியாயம் உண்டு. ஆனால் முழு நியாயம் உண்டா என்பதை ஆராய வேண்டும்.

ஆசிரியர் ஒருவர் காலை ஏழரை மணிக்கு வகுப்பில் நிற்க வேண்டுமாயின், அவர் வீட்டில் ஐந்து மணிக்கே அடுப்பு எரிந்திருக்கும். மாலையில் புறப்பாட நடவடிக்கைக்கும் சனிக்கிழமையில் பேச்சுப் போட்டிக்கும் அவர் சென்றபோது, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மருந்தகத்திற்கு அழைத்துச் சென்றவர் மற்றொருவர். அவரும் பணிக்குச் செல்பவராக இருந்திருப்பின், ஒரே நாளில் இரண்டு நாள் வேலையைச் செய்திருப்பார். ஓய்வூதியம் ஒருவர் பெயரில் வருகிறது. அதனை ஈட்டியவர் இருவர். அந்த ஊதியம் வாங்கித் தரும் ஓய்வு நேரமும் அங்ஙனமே இருவர்க்கும் பொதுவாகும்.

அரிஸ்டாட்டில் போற்றிய ஓய்வையும் இக்கண்கொண்டு நோக்குதல் வேண்டும். ஏதென்சு நகரக் குடிமகன் அமர்ந்து சிந்தித்த நேரத்தை, அடிமைகளும் வீட்டுப் பெண்டிரும் தம் உழைப்பால் அவனுக்கு ஆக்கித் தந்தனர். அவ்வோய்விலிருந்து மேலான தத்துவங்கள் பிறந்தன என்பது மெய்யே. அதன் விலையைக் கொடுத்தவர்க்கு அதில் பங்கு கிடைக்கவில்லை என்பதும் மெய்.

பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் ஓய்வுக் கடிதம் வருகிறது. சமையலறையிலிருந்து எவர்க்கும் அத்தகைய கடிதம் வந்ததில்லை. கணவர் ஓய்வு பெற்றபின் மனைவியின் வேலை கூடிவிடுவதும் உண்டு. நண்பகலில் உண்ண இன்னொருவர் வீட்டில் இருக்கிறார். பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் தேநீர் கேட்கிறார். அவரைக் காண நண்பர்கள் வருகின்றனர். ஆதலால், பொழுதுபோக்குக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுமுன், வீட்டு வேலையை இருவர்க்கும் புதிதாகப் பங்கிடுதல் முதற்கடமையாகும். துணி துவைத்தலும், சந்தைக்குச் செல்லுதலும், பாத்திரம் கழுவுதலும் பங்கிடப்பட்ட பின்னர் எஞ்சி நிற்கும் நேரமே உண்மையான ஓய்வு நேரம். அதனை அளந்த பின்னரே பகிர்வதைப் பற்றிப் பேச முடியும்.

பொழுதுபோக்கு வீண்செயலா?

இவ்வாறு கூறுவதால், ஒருவர் தம் பொழுதுபோக்கை முற்றும் துறந்துவிட வேண்டும் என்று கொள்ளற்க. பொழுதுபோக்கு என்னும் சொல்லே அச்செயலுக்கு முழு நீதி செய்வதாக இல்லை. பொழுதைப் போக்குவது வேறு. பொழுதை ஆக்குவது வேறு.

ஒருவர் பழைய தமிழ் நாளேடுகளைச் சேர்த்து வைப்பதில் ஈடுபாடு உடையவர் எனக் கொள்வோம். 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. அத்தகைய ஏடுகளின் பழைய தாள்கள் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் விரைந்து மட்குகின்றன. எஞ்சியதைக் கறையான் அரிக்கிறது. அவற்றை உலர்த்தி, ஆண்டு வாரியாக அடுக்கி, பொருளகராதி எழுதி வைப்பவர் தமக்கு மட்டுமன்றிப் பின்வரும் மாணவர்க்கும் உதவுகின்றார். வீட்டார் கண்ணுக்கு அஃது ஓர் அறையை அடைத்துக் கிடக்கும் குப்பையாகத் தோன்றலாம்.

பொதுநலம் விளையாத பொழுதுபோக்குக்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். தூண்டில் போடுபவரும், பூப்பந்து ஆடுபவரும், ஆர்க்கிட் மலர் வளர்ப்பவரும் தம் செயலால் நாட்டுக்கு என்ன செய்தார் என்று வினவுதல் முறையன்று. பள்ளி மணியோசைக்கும் கால அட்டவணைக்கும் கட்டுப்பட்டு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர், தாமே விரும்பித் தேர்ந்தெடுத்த செயல் அஃதொன்றே. அதனையும் பறித்துவிட்டால் அவரிடம் அவருடையதென்று எஞ்சுவது மிகச் சிறிது. தமக்கென ஒரு வேலையில்லாதவர் துணைக்குப் பெருஞ்சுமையாக மாறுவதும் கண்கூடு. மாணவர் இல்லாத தலைமையாசிரியர் வீட்டாரையே மாணவராக்கிக் கொள்வதுண்டு. மிளகாய்த்தூளை எந்தப் புட்டியில் வைப்பது என்பது வரையில் அவர் ஆணை செல்லும். அதைவிட அவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்வது இருவர்க்கும் நன்று.

இங்கே மற்றொன்றையும் கருத வேண்டும். கணவரின் விருப்பத்தைப் பொழுதுபோக்கு என்றும் மனைவியின் விருப்பத்தைத் திட்டம் என்றும் நாம் பிரித்துப் பேசுகிறோம். பெரும்பாலும் அப்பெண்மணியின் திட்டங்கள் பிறர் பெயரால் அமைந்தவை. பேரப்பிள்ளையை வளர்க்க வேண்டும், மகளுக்குத் துணையாக இருக்க வேண்டும், நேர்ந்துகொண்ட கோயிலுக்குச் செல்ல வேண்டும் என்பார். தம் ஆசையைத் தம் ஆசை என்று சொல்லாமல், பிறர்க்குச் செய்யும் தொண்டாகச் சொல்லவே அவர் பழக்கப்பட்டிருக்கிறார். “உங்களுக்குப் புத்தகம் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது?” என்று ஒருநாள் அவர் கேட்பாராயின், அவ்வினாவுக்குப் பின்னால் கற்க எண்ணிக் கைவிட்ட தேவாரப் பண்ணோ, பாதியில் நின்ற படிப்போ இருக்கலாம். அதனைத் தேடிக் கேட்டறிவதும் கணவரின் கடமையாகும்.

மூன்று வினாக்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு மேலும் ஆராய்வோம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வாழும் இணையர் இருவர் என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஓய்வு பெறவிருக்கும் ஆசிரியர். வீட்டின் பின்புறத்தில் அவர் நட்ட ரம்புத்தானும் மங்குஸ்தீனும் நிற்கின்றன. மங்குஸ்தீன் விதையிட்டு முதற்காய் காண்பதற்கு எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். அவர் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தார். உள்ளறையில் பழைய ஏடுகள் குவிந்துள்ளன. மனைவியோ ஜோகூர் பாருவுக்குக் குடிபெயர விரும்புகிறார். அங்கே மகளும் மருமகனும் விடியுமுன் எழுந்து, 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர், இரவில்தான் திரும்புகின்றனர். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டு ஊர்க்கும் இடையே 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஒருவர் நாள்தோறும் சென்று திரும்ப இயலாது.

இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற முற்படுவோர் தவறுவர். இருவர் விருப்பமும் நல்விருப்பமே. எனவே தீர்ப்புக்கு மாறாக மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் பயனளிக்கும்.

முதல் வினா: செய்த முடிவைத் திரும்பப் பெற முடியுமா? சுங்கை சிப்புட் வீட்டை விற்றுவிட்டால் அதே விலைக்கு அதே வீட்டை மீண்டும் வாங்குதல் அரிது. வெட்டிய மரம் மீண்டும் நிமிராது. ஆனால் ஜோகூர் பாருவில் ஓராண்டுக்கு ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து வாழ்ந்து பார்த்தல், வேண்டாமெனில் விட்டுவிடக்கூடிய முடிவாகும். திரும்பப் பெற முடியாத முடிவுக்கு இருவரின் முழு உடன்பாடு வேண்டும். திரும்பப் பெறக்கூடிய முடிவுக்கு ஒருவரின் விருப்பமும் மற்றவரின் பொறுமையும் போதும்.

இரண்டாம் வினா: இஃது யாருடைய உழைப்பால் நடைபெறும்? கணவர் மீன் பிடித்து வந்தால் அதனை ஆய்ந்து கழுவுபவர் யார்? மனைவி குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், மருத்துவரிடம் காரோட்டிச் செல்பவர் யார்? அறுபதை அணுகும் உடம்பு, காலை ஐந்து மணி முதல் இரவு எட்டு மணி வரை ஒரு குழந்தையைத் தூக்கிச் சுமக்கத் தாங்குமா? மகளின் வசதிக்காகத் தாயின் முழங்கால் தேய்வதும் அறமாகாது. வாரத்தில் இரண்டு நாள் குழந்தையைக் காப்பகத்தில் விடும்படி மகளிடம் கேட்பதும் இக்கணக்கில் அடங்கும். துணையின் உழைப்பைக் கேளாமலே தன் விருப்பத்திற்குள் எழுதிக்கொள்வது எந்தப் பக்கத்தில் நிகழ்ந்தாலும் முறையன்று.

மூன்றாம் வினா: இருவரில் ஒருவர் தனித்து எஞ்சும்போது இம்முடிவு நிற்குமா? இதனைக் கேட்க நாம் அஞ்சுகிறோம். ஆயினும் கேட்டேயாக வேண்டும். நம் நாட்டில் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாகச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கின்றனர். கணவரைவிட வயதில் இளையராகவும் பெரும்பாலும் இருக்கின்றனர். ஆகவே ஓய்வுக்காலத்தின் இறுதிப் பகுதி பல மனைவியர்க்குத் தனிமையில் கழிவது. கார் ஓட்டத் தெரியாத ஒருவரைக் கடைத்தெருவும் மருத்துவமனையும் தொலைவில் உள்ள இடத்தில் விட்டுச் செல்லும் தோட்டம், கணவர்க்கு எத்துணை இன்பம் தந்ததாயினும், மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியதே. மகள் வீட்டை மட்டுமே நம்பி, சொந்த வீட்டையும் அண்டை அயலாரையும் இழந்து நிற்பதும் அங்ஙனமே எண்ணத்தக்கது.

இம்மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னர், இருவர் கருத்தும் முன்பிருந்த இடத்திலேயே நிற்பதில்லை. வீட்டை விற்காமல் ஓராண்டு சென்று வாழ்ந்து பார்க்கலாம் என்று அவர்கள் முடிவு செய்யக்கூடும். ஏடுகளில் ஒரு பகுதியை நூலகத்திற்கு அளித்துவிட்டு, மறுபகுதியைக் கணவர் தம்முடன் எடுத்துச் செல்லக்கூடும். ரம்புத்தான் பழுக்கும் பருவத்தில் இருவரும் ஊர் திரும்பக்கூடும். வேறு இணையர் வேறு முடிவுக்கு வருவர். முடிவு எதுவாயினும், அஃது இருவரும் கேட்டு, இருவரும் விடை கூறி எட்டியதாக இருத்தல் வேண்டும்.

விட்டுக்கொடுத்தலின் இலக்கணம்

இத்தனை கணக்கு எதற்கு, அன்புடையவர் விட்டுக்கொடுத்துவிட்டால் போதாதா என்று சிலர் வினவுவர். விட்டுக்கொடுத்தல் உயர்ந்த பண்பே, ஐயமில்லை. ஆனால் அதற்கும் இலக்கணம் உண்டு. கொடுப்பவர் தாம் எதைக் கொடுக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். பெறுபவர் தாம் எதைப் பெற்றோம் என்பதை மறவாதிருக்க வேண்டும். சொல்லாமல் செய்த தியாகம் மனத்துள் கடனாகத் தங்கிவிடுகிறது. பத்தாண்டுகள் கழித்து, வேறேதோ ஒரு சிறு சினத்தின்போது, வட்டியுடன் அது கேட்கப்படுகிறது. பெற்றவரோ தாம் கடன்பட்டதையே அறியாதவராகத் திகைக்கிறார். எப்போதும் ஒருவரே விட்டுக்கொடுக்கும் இல்லத்தில் அதனைப் பண்பென்று யாரும் எண்ணுவதில்லை. அவர் இயல்பென்று எண்ணிவிடுகின்றனர்.

கணக்குப் பேசுதல் கூடாத வேளையும் உண்டு. துணைவர் நோயில் வீழ்ந்து படுக்கையாகிவிட்டால், என் பொழுதுபோக்கு என்ன ஆவது என்னும் வினா பின்னுக்குச் செல்ல வேண்டும். அப்போது கடமை ஒன்றே முன் நிற்கும். அந்நிலையிலும் பார்த்துக்கொள்பவர்க்கு நாளில் ஒரு மணி நேரமேனும் தமக்குரியதாக இருக்கும்படி மக்களும் உறவினரும் செய்துதர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் செடிக்கு நீர் ஊற்றினாலும், நான்கு பக்கம் படித்தாலும், மறுநாளைத் தாங்கும் வலிமை அதனால் வரும்.

இவற்றையெல்லாம் எப்போது பேசுவது? பிரியாவிடை விருந்தில் மாலை சூட்டப்பட்ட பின்னர்ப் பேசத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். அப்போது ஒருவர் மனத்தில் வீடு விற்பனை முடிந்திருக்கும். மற்றொருவர் மனத்தில் நூலக அறை கட்டி முடிந்திருக்கும். ஐம்பதைக் கடந்த உடனே பேசத் தொடங்க வேண்டும். ஒருமுறை பேசி முடிக்கும் செய்தியும் அன்று இது. உடல்நலம் மாறும், மக்கள் இடம் மாறுவர், விருப்பமும் மாறும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இருவரும் அமர்ந்து பழைய முடிவைப் புரட்டிப் பார்த்தல் நன்று.

சிறந்ததைப் பழகுதல்

நம் முன்னோர் இதனைக் கருதாதவர் அல்லர். தொல்காப்பியக் கற்பியலில் முதுமையைப் பற்றிய நூற்பா ஒன்று உண்டு. இன்ப நுகர்ச்சி நிறைவுற்ற பின்னைக் காலத்தில், மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடித் தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பழகுதலே கடந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. இலக்கணம் கற்பிக்கும் நாம் அந்நூற்பாவின் தொடரமைப்பை ஊன்றி நோக்க வேண்டும். அங்கே பழகுவோர் ஒருவர் அல்லர், இருவர். எண்ணும்மை இருவரையும் சேர்த்தே நிறுத்துகிறது. தலைவன் பழகத் தலைவி உடன் சென்றாள் என்று ஆசிரியர் கூறவில்லை. பிற்காலத்தில் பாவேந்தர் பாரதிதாசனும் தம் ‘குடும்ப விளக்கு’ நூலின் ஐந்தாம் பகுதியை முதியோர் காதலுக்கென்றே ஒதுக்கினார். முதுமையும் இருவர் சேர்ந்து வாழும் வாழ்க்கையே என்னும் எண்ணம் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று.

சிறந்தது எது என்பதை அந்நூற்பா பெயரிட்டுக் கூறவில்லை. பேரப்பிள்ளையின் மழலையா, பழைய ஏட்டின் அகராதியா, தேவாரப் பண்ணா, மங்குஸ்தீன் மரமா என்பதை அந்தந்த இல்லத்து இருவரே தேர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர்க்குச் சிறந்தது மற்றவர்க்கு அவ்வாறு தோன்றாதாயின், இரண்டுக்கும் இடம் வகுத்தல் வேண்டும். இடம் போதாதாயின், இன்று ஒன்றுக்கும் நாளை மற்றொன்றுக்கும் முறை வைத்தல் வேண்டும். ‘பழகுதல்’ என்றதனால், அது முயன்று கைவரப்பெற வேண்டிய கலை என்பதும் பெறப்படும்.

மாணவ நண்பர்களே! இக்கட்டுரையின் பொருள் உங்கள் வயதிற்கு எட்டாத தொலைவில் உள்ளது என எண்ண வேண்டா. உங்கள் வீட்டுப் பாட்டியாரிடம், நேரம் முழுவதும் தமக்கே உரியதாக இருந்தால் என்ன செய்ய விரும்புவார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே விடை கூறாமல் சிரிக்கக்கூடும். அதுவரை அவரை யாரும் அவ்வாறு கேட்டிராமல் இருக்கலாம். சற்றுப் பொறுத்திருந்து மீண்டும் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே! உங்கள் துணைவரிடம் இதே வினாவைப் பணி ஓய்வுக்குப் பல ஆண்டுகள் முன்னரே கேளுங்கள். உங்கள் விடையையும் ஒளிக்காமல் கூறுங்கள். இரண்டு விடைகளையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து உங்கள் ஓய்வுக்காலத்தைத் திட்டமிடத் தொடங்குவீர்களாக.